வாயில்லாப் பூச்சி

"டேய், கதவைத் திறக்காதே! வெளிச் சுவத்துல ரெண்டு பாம்பு இருக்கு."

ராத்திரி பத்தே கால் மணி. வால்பாறையில் ஒரு லாட்ஜ். ஆகஸ்ட் மாத மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்ததில் என் வயிறு மட்டும் இன்னும் 27-வது வளைவிலேயே நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் இப்படி ஒரு நல்ல செய்தி.

சொன்னவன் என் நண்பன். கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உத்தியோகம். 'எழுதினா என் பேரைப் போடாதே, ஆபீஸ்ல ஓட்டியே கொன்னுடுவாங்க' என்று கேட்டுக்கொண்டதால் நண்பன் என்றே வைத்துக்கொள்வோம். என்னோடு பி.காம். படித்தவன். அவன் கணக்கைப் பிடித்துக்கொண்டு மேலே போனான். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு... சரி, விடுங்கள்.

ஜன்னல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். வராந்தா ட்யூப்லைட்டுக்குக் கீழே, சுவரில், இடது பக்கம் ஒரு பாம்புத் தலை. வலது பக்கம் ஒரு பாம்புத் தலை. கண் இருக்கிறது, வாய்க்கோடு இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் செங்கல் நிறத்தில் ஏதோ ஒரு பாய் விரித்த மாதிரி பரந்து கிடக்கிறது. நண்பன் அதற்குள் செருப்பைக் கையில் எடுத்துவிட்டான். பாம்பை அடிக்க அல்ல, ஓடுவதற்கு வசதியாக.

சத்தம் கேட்டு வாட்ச்மேன் வந்தார். வயது அறுபது இருக்கும். தலையில் பிளாஸ்டிக் சாக்கு.

"அது பூச்சிங்க சார். மழைக்காலத்துல வரும். ஒண்ணும் பண்ணாதுங்க."

"கடிக்காதா அண்ணே?"

"எதுக்கு சார் கடிக்கப் போவுது?" என்றார், ஏதோ நாங்கள்தான் அதைக் கடிக்கப் போகிறவர்கள் மாதிரி.

தைரியம் வந்து வெளியே போய்ப் பார்த்தோம். பூச்சிதான். ஆனால் என்ன பூச்சி! என் கையை அதற்குப் பக்கத்தில் வைத்து (தொடாமல்தான்) சாண் போட்டேன். முழுச் சாணுக்கு ஒரு விரற்கடைதான் குறைவு. ஆபீஸ் ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். அதற்கு மேல் இதை உட்கார வைத்தால் ஓரம் கொஞ்சம்தான் மிஞ்சும். நாலு இறக்கையிலும் நாலு முக்கோணக் கண்ணாடி ஜன்னல்கள். அந்த இடத்தில் மட்டும் செதில் கிடையாது, பின்னால் இருக்கிற சுவரே தெரிகிறது. பாம்புத் தலை என்று நாங்கள் மிரண்டது முன் இறக்கைகளின் வளைந்த நுனி. கொத்த வருகிற பறவையையும் பல்லியையும் மிரட்டத்தான் அந்த வேஷம் என்பது பலருடைய கருத்து. பல்லி பயப்படுமோ என்னவோ, பி.காம். படித்த இரண்டு பேர் பயந்ததற்கு நானே சாட்சி.

ஊருக்குத் திரும்பியதும் போட்டோவை வைத்துக்கொண்டு தேடினேன். அட்லஸ் அந்துப்பூச்சி. பட்டுப்பூச்சிகளில் ராட்சதன். இந்தியாவின் வடகிழக்கிலிருந்து இந்தோனேசியா வரை இருப்பது ஒரு வகை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருப்பது அதன் நெருங்கிய பங்காளி. இலங்கையின் பழைய பெயரான 'டாப்ரோபேன்' அதன் பெயரிலேயே இருக்கிறது. வடக்கத்தி அண்ணனுக்கு இறக்கை 24 சென்டிமீட்டரைத் தொடும். உலகத்திலேயே பெரியது எது என்ற பந்தயத்தில் ஆஸ்திரேலியா பக்கத்து ஹெர்குலிஸ், தென் அமெரிக்காவின் வெள்ளைச் சூனியக்காரி என்று இன்னும் இரண்டு பேர் போட்டிக்கு நிற்கிறார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

வாட்ச்மேன் சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. எதற்குக் கடிக்கப் போகிறது? கடிப்பதற்கு அதற்கு வாயே கிடையாது!

நிஜமாகத்தான் சொல்கிறேன். சாதுவான ஆளை 'வாயில்லாப் பூச்சி' என்று சொல்கிறோமே, அந்தப் பட்டத்துக்கு முழுத் தகுதி உள்ளவர் இவர்தான். பட்டாம்பூச்சிக்குத் தேன் குடிக்க ஒரு உறிஞ்சுகுழல் உண்டு. கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருட்டி வைத்துக்கொள்ளும். அட்லஸுக்கு அது சூம்பிப்போன அடையாளமாக மட்டும் இருக்கிறது, வேலை செய்யாது. கூட்டை விட்டு வெளியே வந்த நிமிஷத்திலிருந்து சாகும் வரை ஒரு சொட்டுத் தேன்கூட உள்ளே போகாது. ஆயுள் ஒரு வாரம், மிஞ்சிப் போனால் இரண்டு.

பிறகு எப்படிப் பறக்கிறது? எல்லாம் சேமிப்புதான். புழுவாக இருந்தபோது ஒரு மாதத்துக்கும் மேலாக ராத்திரி பகல் பார்க்காமல் இலையைத் தின்கிறது. கொய்யா, சீத்தா, லவங்கப்பட்டை, எலுமிச்சை என்று பேதம் பார்ப்பதில்லை. கடைசியில் 10 சென்டிமீட்டருக்கு மேல், நம் கட்டைவிரல் தடிமனில் வந்து நிற்கும். பிறகு பட்டு நூலால் கூடு கட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். அப்போது உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறதோ அதுதான் மொத்த முதல். அதற்கப்புறம் வரவுப் பக்கம் நிரந்தரமாகப் பூஜ்யம். செலவு மட்டும்தான்.

இதை நண்பனிடம் சொன்னபோது தொழில்முறையில் யோசித்தான். "அதாவது பி.எஃப். பணத்தை மொத்தமா வாங்கிக்கிட்டு ரிடயர் ஆகி, மறுநாளே பொண்ணு பார்க்கக் கிளம்பின மாதிரி."

கிட்டத்தட்ட அதேதான். ஏனென்றால் இறக்கை முளைத்தபின் அதற்கு ஒரே வேலை, கல்யாணம். பெண் பூச்சி கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளையில் உட்கார்ந்துகொண்டு காற்றில் ஒரு வாசனையை அனுப்பும். ஆணுக்குத் தலையில் இரண்டு இறகுகள் மாதிரி உணர்கொம்பு. அந்த வாசனையில் ஒரு துளி பட்டால் போதும், காற்றை எதிர்த்து மைல் கணக்கில் பறந்து வரும். வாசனை என்றால் நமக்கு வருகிற வாசனை இல்லை. நம் மூக்குக்கு அது ஒன்றுமே இல்லை.

19-ம் நூற்றாண்டில் பிரான்ஸில் ஃபாப்ர் என்று ஒரு பள்ளி வாத்தியார் இருந்தார். பூச்சிகளைப் பார்த்துக்கொண்டே ஆயுளைக் கழித்த புண்ணியவான். அட்லஸின் குடும்பத்தைச் சேர்ந்த, ஐரோப்பாவிலேயே பெரிய அந்துப்பூச்சியின் பெண் ஒன்று ஒரு மே மாதக் காலையில் அவர் வீட்டில் கூட்டை விட்டு வந்தது. பிடித்து வலைக் கூண்டில் வைத்தார். அன்று ராத்திரி அவருடைய சின்னப் பையன் கத்திக்கொண்டு ஓடி வருகிறான், அறை முழுக்கப் பறவை சைஸில் பூச்சிகள் என்று. எண்ணிப் பார்த்தால் சுமார் 40 மாப்பிள்ளைகள்! கும்மிருட்டு, வீட்டைச் சுற்றி மரங்கள். கண்ணால் பார்த்து வந்திருக்க வழியே இல்லை.

அந்த வாசனை என்ன சரக்கு என்று கண்டுபிடிக்க 1959 வரை ஆயிற்று. ஜெர்மனியில் பூடெனான்ட் என்ற நோபல் பரிசு விஞ்ஞானி, நம் புடவைக்கு நூல் தருகிற சாதாரணப் பட்டுப்பூச்சியை எடுத்துக்கொண்டார். சுமார் 20 வருஷ உழைப்பு, 5 லட்சம் பெண் பூச்சிகள். கிடைத்தது சில மில்லிகிராம். அவ்வளவு கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் அத்தனை கல்யாணமும் நடக்கிறது. நம் ஊரில் மண்டப வாடகையே...

புடவை என்றதும் நண்பனுக்கு ஒரு சந்தேகம். இத்தனை பெரிய பட்டுப்பூச்சியை வளர்த்தால் கூட்டுக்கு ஒரு கைக்குட்டையாவது தேறாதா?

தேறாது. மல்பெரிப் பட்டுக்கூட்டில் ஒரே இழை அறுபடாமல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடும். அது அறுபடக் கூடாது என்பதற்காகத்தான் பூச்சியை உள்ளே வைத்தே வேக வைக்கிறார்கள். அட்லஸின் பட்டு துண்டு துண்டாக இருக்கும். பஞ்சு மாதிரி நூற்கத்தான் முடியும். பழுப்பு நிறம், கம்பளி மாதிரி முரடு, ஆனால் கெட்டி. தைவானில் பூச்சி காலி செய்துவிட்டுப் போன கூட்டைச் சில்லறை போடுகிற பர்ஸாக வைத்துக்கொள்வது உண்டாம். குடித்தனக்காரர் போனபிறகு வீட்டை எடுத்துக்கொள்வதில் பாவம் இல்லை.

மறுபடி வால்பாறை வராந்தாவுக்கு வருவோம். எங்கள் பூச்சியின் உணர்கொம்புகள் நன்றாக அகலமாக, சீப்பு மாதிரி இருந்தன. ஆண். அதாவது, எங்கேயோ தேயிலைக்கு நடுவே, ஏதோ ஒரு மரக்கிளையில் ஒருத்தி காத்திருக்கிறாள். இவர் இங்கே ட்யூப்லைட்டைச் சுற்றிவிட்டு, களைத்துப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

விளக்கின் மேல் காதல் கொண்டு விட்டில் விழுகிறது என்று நம் கவிஞர்கள் எத்தனை காலமாகப் பாடுகிறார்கள்! காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. 2024-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் இன்னும் சிலரும், அதிவேக கேமராக்கள் வைத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ராத்திரியில் தரையைவிட வானம்தான் வெளிச்சம். அதனால் வெளிச்சம் இருக்கிற பக்கம் முதுகைக் காட்டிப் பறந்தால் நேராகப் பறக்கிறோம் என்று அர்த்தம். கோடிக்கணக்கான வருஷமாகப் பூச்சிகள் வைத்திருந்த ரசமட்டம் இது. நாம் பக்கவாட்டில் ஒரு பல்பை மாட்டியதும் ரசமட்டம் கெட்டுவிட்டது. முதுகை பல்புக்குக் காட்டுகிறது, உடம்பு சாய்கிறது, பாதை வளைகிறது, மறுபடி முதுகு, மறுபடி சாய்வு... சுற்றிச் சுற்றி வருகிறது. ஆசைப்பட்டு வருவதல்ல, மாட்டிக்கொள்வது.

இதெல்லாம் அன்று ராத்திரி எனக்குத் தெரியாது. ஆனால் விளக்கை அணைத்தால் போய்விடும் என்று தோன்றியது. வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"முடியாதுங்க சார். சிறுத்தை நடமாட்டம் இருக்குது. லைட் எரிஞ்சாத்தான் நமக்குத் தைரியம். போன வாரம்கூட அந்த முக்குல நாயைத் தூக்கிட்டுப் போயிருச்சு."

'அந்த முக்கு' என்று அவர் காட்டியது எங்கள் அறைக்கு நேர் எதிரே. நான் பூச்சி கட்சியிலிருந்து சிறுத்தைக்கு எதிர்க்கட்சிக்கு உடனே தாவினேன். பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பேரம் பேசி அரை மணி நேரத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்தோம். மூன்று பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்திருந்தோம். வாட்ச்மேன் பெரியவர் தம் மகளுக்கு வரன் பார்க்கிற கதையைச் சொன்னார். பொள்ளாச்சி, உடுமலை, திண்டுக்கல் என்று மூன்று வருஷமாக அலைகிறார்.

அரை மணி கழித்துப் பார்த்தால் பூச்சி அதே இடத்தில்! ஒரு இம்மி அசையவில்லை. களைப்பா, குளிரா, வேறென்னவோ. விளக்கை மறுபடி போட்டாயிற்று. காலையில் அது இன்னும் அங்கேயே இருந்தது. கொண்டலாத்தி ஒன்று கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் ஒரு குச்சியை அதன் காலுக்கடியில் மெதுவாக நீட்டினார். ஏறிக்கொண்டது. கொண்டுபோய் வேலியோரப் புதருக்குள், இலைக்கு அடியில் விட்டுவிட்டு வந்தார். அதன் கணக்கில் ஒரு ராத்திரி போனது போனதுதான். மொத்தமே ஏழெட்டு ராத்திரி வைத்திருக்கிற ஆசாமிக்கு நம் கணக்கில் அது ஏழெட்டு வருஷம்.

இத்தோடு கதை முடிந்திருக்கும். மூன்று வாரம் கழித்து நண்பனைப் பார்க்கக் கோவைக்குப் போனேன். அவன் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. டூவீலர்களை அங்கேதான் நிறுத்துவார்கள். பாதி பார்த்தீனியம், பாதி பாலித்தீன். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் குனிந்தால், காலடியில் ஏதோ தூசு பறக்கிறது. தூசு ஒரு செடியில் போய் உட்கார்ந்து இறக்கையை மூடிக்கொண்டது.

அட்லஸைப் படித்துவிட்டு எனக்குப் பூச்சிப் பித்து பிடித்திருந்த நேரம். மண்டி போட்டேன். (ஆபீஸ் மாடியிலிருந்து இரண்டு பேர், நான் சாவியைத் தொலைத்துவிட்டதாக நினைத்து அனுதாபத்தோடு பார்த்தார்கள்.) அது ஒரு பட்டாம்பூச்சி. முழு வளர்ச்சி அடைந்த, ஓட்டுப் போடும் வயது வந்த பட்டாம்பூச்சி. கிராஸ் ஜுவல் என்று பெயர். புல்வெளி நகை என்று சொல்லலாம். இந்தியாவின் மிகச் சிறிய பட்டாம்பூச்சிகளில் ஒன்று. இறக்கையை விரித்தால் 15-லிருந்து 22 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தை மேலே வைத்தால் காணாமல் போய்விடும். வால்பாறை ஆளின் இறக்கையில் இவரைப் போல பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்கலாம்.

மேல் பக்கம் வெறும் பழுப்பு, அழுக்குச் சட்டை. நகை எல்லாம் அடிப்பக்கம்தான். பின் இறக்கை ஓரத்தில் நாலைந்து கறுப்புப் பொட்டுகள். ஒவ்வொன்றிலும் பச்சையும் நீலமுமாக மின்னுகிற துகள், சுற்றி ஆரஞ்சு. மோதிரத்தில் கல் பதித்த மாதிரி. கடவுள் கஞ்சன் இல்லை, இடம்தான் போதவில்லை.

இதற்கு வாய் உண்டு. நாள் முழுக்கத் தரையோடு தரையாகப் பறந்து, நாம் பூ என்றே மதிக்காத பூண்டுச் செடிகளின் பூவில் குழலை விட்டுக் குடித்துக்கொண்டே இருக்கிறது. சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அன்றன்றைக்கு உழைத்து அன்றன்றைக்குச் சாப்பிடுகிற தினக்கூலி. ஆயுளும் நாள் கணக்கில்தான். முட்டையிடுவது அவுரி இனத்துச் சின்னச் செடிகளில். பிறக்கிற புழுவுக்கு எறும்புகள் காவல். சும்மா இல்லை, புழுவின் முதுகில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதிலிருந்து இனிப்பாக ஒரு சொட்டு வரும். எறும்புக்கு மாமூல். எறும்பு சுற்றி நிற்கிற வரையில் குட்டிக் குளவிகளும் மற்ற எதிரிகளும் கிட்டே வரத் தயங்கும். முழு ஏற்பாடும் ஒரு முழம் நிலத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இந்த இரண்டு பேரும் ஒரே குலம் என்பதுதான் வேடிக்கை. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னால், ராத்திரியில் பறந்துகொண்டிருந்த அந்துப்பூச்சிகளில் ஒரு கிளை பகல் ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டது. அதுதான் பட்டாம்பூச்சி. செதில் இறக்கைக் குலத்தில் ஏறக்குறைய 1,60,000 இனங்கள். அதில் பட்டாம்பூச்சி சுமார் 18,000-தான். மற்றதெல்லாம் ராத்திரி ஷிஃப்ட் சொந்தக்காரர்கள். ஆனால் சினிமாப் பாட்டு முழுக்கப் பகல் ஷிஃப்டுக்கு. ராத்திரி ஷிஃப்டுக்கு நாம் கொடுத்தது அந்துருண்டை.

டீ குடிக்கும்போது நண்பனுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் டீயை வைத்துவிட்டு, "அந்த மனையா? திங்கட்கிழமை ஜேசிபி வருதுடா" என்றான். "முழுக்கச் சுத்தம் பண்ணி, சிமெண்ட் தளம் போட்டு, பார்க்கிங் ஆக்கப் போறாங்க. கம்ப்ளெயிண்ட் எழுதிக் கொடுத்ததே எங்க ஆபீஸ்தான். டிராஃப்ட் நான் போட்டது."

என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல? பாம்பு வருகிறது, கொசு வருகிறது என்று எழுதியிருப்பான். பொய் இல்லை. வண்டி நிறுத்தவும் இடம் வேண்டும்தான். நான் அந்த ஆபீஸில் வேலை பார்த்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அட்லஸ் என்றால் மூன்று பேர் சேர்ந்து இருட்டில் உட்காரலாம். ஒரு ரூபாய்க்குள் அடங்குகிற ஆசாமிக்காக ஆபீஸ் மேனேஜரிடம் போய் எந்த முகத்தோடு பேசுவது?

புதன்கிழமை ராத்திரி போன் செய்தான்.

"முடிச்சுட்டாங்கடா. மொட்டையடிச்ச மாதிரி இருக்கு." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "கிழக்கு மூலையில மட்டும் பழைய செங்கல் குவிச்சு வெச்சிருந்தாங்க. அதுக்குப் பின்னால ஜேசிபி போக முடியலை. ரெண்டடி அகலத்துக்குப் புல்லு அப்படியே இருக்கு. லஞ்ச் டைம்ல போய்ப் பார்த்தேன்."

"பார்த்தியா? இருக்கா?"

"மூணு எண்ணினேன். ஒண்ணையே ரெண்டு தடவை எண்ணியிருந்தாலும் இருக்கும். ரெண்டுன்னு வெச்சுக்கோ."

"செங்கல்லை எப்ப எடுப்பாங்களாம்?"

"அதைக் கேக்கலை" என்றான். "கேட்டா ஞாபகம் வந்து எடுத்துடுவாங்க."